ஒற்றைச் சங்கிலியில் முகடு ஒன்றா இரண்டா? உருண்டை நிலை எங்கே போனது?

மணிச்சரம்:

வணக்கம். ஒற்றை பாலிமர் சங்கிலியைக் கணினியில் மோன்டி கார்லோ முறையில், அதாவது தற்செயல் நகர்வுகளால், ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மாதிரி மிக எளியது: ஒன்றையொன்று தொட்டபடி கோத்த 64 கடின மணிகள். சங்கிலியில் அடுத்தடுத்து இல்லாத இரண்டு மணிகள் குறிப்பிட்ட தூரத்துக்குள் வந்தால் ஆற்றல் ஓர் அலகு குறையும். அந்தத் தூரத்துக்கு வெளியே ஈர்ப்பே கிடையாது. அதாவது சதுரக் கிணறு. கிணற்றின் வீச்சை மணியின் விட்டத்தை ஒன்றாக வைத்துச் சொல்கிறேன்.

வீச்சு 1.3 என்று வைத்துக் குளிர்வித்தால், வெப்ப ஏற்புத்திறன் வரைபடத்தில் முதலில் அகலமான ஒரு தோள் வருகிறது. சுழற்சி ஆரமும் (சங்கிலி பரந்திருக்கும் அளவு) அங்கேதான் வேகமாகக் குறைகிறது. இன்னும் குளிர்வித்தால் கூர்மையான முகடு ஒன்று. மணிகள் படிகம்போல அடுக்கிக்கொள்கின்றன. சுருள் (விரிந்தது), உருண்டை (சுருங்கியது, ஆனால் ஒழுங்கற்றது), படிகம் (ஒழுங்காக அடுக்கியது) என்று படித்த மூன்று நிலைகளும் வரிசையாக வந்துவிடுகின்றன.

வீச்சை 1.05க்குக் குறைத்ததும் இருப்பது ஒரே முகடு. உருண்டை நிலையைக் காணவே காணோம். விரிந்த சுருள் நேரே படிகமாகிவிடுவதுபோலத் தெரிகிறது. நிரலில் ஏதாவது தவறா, ஓட்டம் போதவில்லையா, அல்லது இயற்பியலே இப்படித்தானா?

கூழாங்கல்:

முதலில் ஒன்று சொல்லுங்கள். எந்த நகர்வுகளை வைத்து ஓட்டுகிறீர்கள்? ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனி ஓட்டமா?

மணிச்சரம்:

ஆமாம், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனி ஓட்டம். ஒரு மணியை மட்டும் அதன் இரண்டு அண்டை மணிகளை இணைக்கும் அச்சைச் சுற்றித் திருப்பும் நகர்வு, முனைச் சுழற்சி, அதோடு பிவட் (ஒரு மணிக்கு அப்பால் உள்ள பகுதி முழுவதையும் சுழற்றுவது). மெட்ரோபோலிஸ் விதிப்படி ஏற்பு (ஆற்றலைக் கூட்டும் நகர்வுகளைக் குறைந்த வாய்ப்பில் மட்டும் ஏற்பது).

கணிப்பொறிக்காரன்:

பிவட் நல்ல கரைப்பானில் அற்புதமான நகர்வு. லால் 1969-ல் கொண்டுவந்ததை மாட்ராஸும் சோக்கலும் 1988-ல் அலசிக் காட்டினார்கள்: சங்கிலி விரிந்திருக்கும்போது ஏற்பு விகிதம் நீளத்தோடு மிக மெதுவாகத்தான் குறைகிறது. முப்பரிமாணத்தில் அந்தக் குறைவு நீளத்தின் ஏறத்தாழ 0.11 அடுக்கில்தான். ஆனால் சங்கிலி சுருங்கிவிட்டால் நிலைமை தலைகீழ். உருண்டைக்குள் ஒரு பாதியைப் பிடித்துச் சுழற்றினால் எங்காவது மோதியே தீரும். ஏற்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஒற்றை மணி நகர்வுகளோ அடர்ந்த இடத்தில் அங்கேயே அதிர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே தாழ்ந்த வெப்பநிலையில் உங்கள் ஓட்டம் சமநிலையைத் தொட்டதா என்ற கேள்வி நிற்கிறது. வீச்சு 1.05 என்றால் இது இன்னும் கூர்மையாகும். முதல் வகை மாற்றமாக (தொடர்ச்சியாக இல்லாமல் ஒரே தாவலில் நிலை மாறுவது) இருந்தால் இரண்டு நிலைகளுக்கும் நடுவே தடை இருக்கும். ஒரு பக்கம் மாட்டிய ஓட்டம் மறுபக்கத்தைப் பார்க்காமலே முடிந்துவிடும். குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் முகடு ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

எண்முகம்:

சமநிலையைப் பற்றிக் கணிப்பொறிக்காரன் சொன்னது சரி. அதைச் சோதித்தே ஆக வேண்டும். ஆனால் மணிச்சரம் கண்டது சரியான ஓட்டத்திலும் அப்படியே நிற்கும் என்று நினைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சுருள் உருண்டையாவதும் உருண்டை படிகமாவதும் இரண்டு வேறு கணக்குகள். முதலாவதில், ஒழுங்கில்லாமல் அலையும் மணிகள் தற்செயலாக ஒன்றின் கிணற்றுக்குள் மற்றொன்று விழுவதால் கிடைக்கும் ஆற்றல், மணிகள் ஒன்றின் இடத்தை ஒன்று விலக்குவதால் வரும் விரிவை ஈடுகட்ட வேண்டும். கிணறு அகலமாக இருந்தால் இது எளிது. கிணறு ஒரு மெல்லிய ஓடுபோல ஆகிவிட்டால், அந்த ஓட்டுக்குள் ஒரு மணி இருக்க வாய்ப்புள்ள கன அளவே சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட மிகவும் குளிர்விக்க வேண்டும்.

எண்ணில் பாருங்கள். சங்கிலியை மறந்துவிட்டு, தனி மணிகளுக்கு இரண்டாம் விரியல் குணகம் (இரண்டு மணிகளுக்கிடையே விலக்கலும் ஈர்ப்பும் சேர்ந்த நிகர விளைவு) பூஜ்யமாகும் வெப்பநிலையைக் கணக்கிடலாம். வீச்சின் மூன்றாம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை போல்ட்ஸ்மன் காரணி (e-இன் ஆழம்/வெப்பநிலை அடுக்கு) கழித்தல் ஒன்றால் பெருக்கினால் ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கிணற்றின் ஆழத்தை அலகாகக் கொண்டால் வீச்சு 1.5க்கு அது 2.85. வீச்சு 1.3க்கு 1.65. 1.05க்கு வெறும் 0.50. சங்கிலியின் தீட்டா வெப்பநிலை (மிக நீண்ட சங்கிலியில் விலக்கலும் ஈர்ப்பும் சமன்படும் வெப்பநிலை, அதற்குக் கீழே சுருங்கும்) இதே எண்ணாக இருக்காது, ஆனால் போக்கு இதுதான். வீச்சு குறையக் குறைய, சங்கிலி சுருங்கும் வெப்பநிலை சரசரவென்று கீழே இறங்குகிறது.

படிகத்துக்கு வருவோம். நெருங்கி அடுக்கிய கோளங்களில் ஒவ்வொன்றும் 12 அண்டைகளைத் தொடுகிறது. தொடும் தூரத்தில் இருப்பதற்குக் கிணறு அகலமாக இருக்க வேண்டியதில்லை. மெல்லிய ஓடு போதும். வீச்சை 1.3-லிருந்து 1.05 ஆக்கினாலும் அந்த 12 அண்டைகளின் ஆற்றலில் ஒன்றும் குறையாது. (இரண்டாம் அண்டைகள் √2 தூரத்தில், அதாவது ஏறக்குறைய 1.41-ல் இருக்கின்றன. இரண்டு வீச்சுக்கும் அவை வெளியேதான்.) மணிகள் அதிர்வதற்கான இடம் குறைவதால் உறையும் வெப்பநிலையும் இறங்கத்தான் செய்யும், ஆனால் சுருங்கும் வெப்பநிலை அளவுக்கு வேகமாக இறங்காது.

இரண்டு கோடுகள் கீழே இறங்குகின்றன, மேலே இருப்பது வேகமாக, கீழே இருப்பது மெதுவாக. ஓரிடத்தில் சந்திக்கத்தானே வேண்டும்? அதற்குப் பிறகு உருண்டை நிலைக்கு இடமே இல்லை. சுருங்கத் தொடங்கும் முன்பே உறைந்துவிடுகிறது.

டெய்லர், பால், பைண்டர் மூவரும் 2009-ல் உங்கள் மாதிரியையே 128 மணிகளுக்கு வாங்-லாண்டாவ் முறையில் (ஒவ்வொரு ஆற்றலுக்கும் எத்தனை வடிவங்கள் என்று நேரே மதிப்பிடுவது) ஓட்டினார்கள். கோடுகள் சந்திப்பது வீச்சு 1.06 அருகே. அதற்கு மேலே சுருங்கல் தொடர்ச்சியாகவும் உறைதல் முதல் வகையாகவும் இரண்டு படிகளில் நடக்கிறது. அதற்குக் கீழே சுருளிலிருந்து நேரே படிகம், ஒரே முதல் வகை மாற்றம். நீங்கள் தேர்ந்தெடுத்த 1.05 எல்லைக்குச் சற்றே உள்ளே விழுகிறது.

தென்றல்77:

எண்முகம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சங்கிலியே இல்லாத தனித்த துகள்களிலும் இதே கதைதான். ஈர்ப்பின் வீச்சு துகளின் அளவோடு ஒப்பிடும்போது மிகச் சிறியதானால், திரவ நிலை நிலையற்றதாகிவிடுகிறது. வாயுவும் படிகமும் மட்டும் மிஞ்சுகின்றன. கூழ்மங்களில் இது நன்கு தெரிந்த விஷயம். 1993-ல் சி60 (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து) மூலக்கூறுக்குத் திரவ நிலை உண்டா இல்லையா என்று இரண்டு சிமுலேஷன் குழுக்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்ததும் இதனால்தான். அந்த மூலக்கூறு எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. பாலிமரில் சுருளை வாயுவாகவும் உருண்டையைத் திரவமாகவும் வைத்துப் படித்தால் மணிச்சரத்தின் வரைபடம் உடனே விளங்கும்.

பழைய வேதியியலாளர்:

எனக்கு ஓர் அடிப்படை ஆட்சேபம் இருக்கிறது. 64 மணி உள்ள ஒரு சங்கிலியில் "முதல் வகை மாற்றம்", "படிக நிலை" என்றெல்லாம் எப்படிப் பேசுகிறீர்கள்? யாங்கும் லீயும் 1952-லேயே காட்டிவிட்டார்கள்: எல்லைக்குட்பட்ட அமைப்பின் பார்ட்டிஷன் ஃபங்ஷன் (எல்லா வடிவங்களின் போல்ட்ஸ்மன் எடைகளின் கூட்டல்) எந்த மெய்யான வெப்பநிலையிலும் பூஜ்யமாகாது, எனவே அதன் மடக்கையிலிருந்து வரும் கட்டிலா ஆற்றலில் எந்த முறிவும் வராது. வெப்ப ஏற்புத்திறனில் முகடு வந்தால் நிலைமாற்றம் என்று இளையவர்கள் எண்ணிக்கொள்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. முகடு எதற்கும் வரும்.

எண்முகம்:

> முகடு எதற்கும் வரும்.

இதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கையாலேயே போட்டுக் காட்டக்கூடிய உதாரணம் ஒன்று இருக்கிறது.

கனசதுர அணிக்கோவையில் (மணிகள் ஒழுங்கான கட்டப் புள்ளிகளில் மட்டும் நிற்கும்) 4 மணிகள், 3 அடிகள். தன்னைத்தானே வெட்டாத வடிவங்கள் 6 × 5 × 5 = 150. இவற்றில் முதல் மணியும் கடைசி மணியும் பக்கத்தில் வந்து தொடுவது ப போல வளைந்தவை மட்டும்: முதல் அடிக்கு 6 வழி, செங்குத்தாகத் திரும்ப 4 வழி, திரும்பி வர 1 வழி, மொத்தம் 24. மிச்சம் 126-க்குத் தொடர்பே இல்லை. நிலை அடர்த்தி, அதாவது ஒவ்வொரு ஆற்றலுக்கும் எத்தனை வடிவங்கள் என்ற எண்ணிக்கை, முழுவதும் இந்த இரண்டு எண்கள்தான்.

இதற்கு வெப்ப ஏற்புத்திறன் போட்டால் 0.32 வெப்பநிலை அருகே அழகான முகடு வரும். உயரம் போல்ட்ஸ்மன் மாறிலியைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் இரண்டு மட்டங்களிலும் சரிபாதி இருப்பது 0.60-ல். முகடும் சரிபாதியும் சேர்ந்துகூட வரவில்லை. நான்கு மணியில் எந்த நிலைமாற்றமும் இல்லை, முகடு மட்டும் இருக்கிறது. இரண்டு மட்டம் உள்ள எந்த அமைப்பிலும் வரும் ஷாட்கி முகடு இது.

அதனால் மணிச்சரத்துக்கு நான் சொல்ல விரும்புவது: முகடுகளை எண்ண வேண்டாம். முகட்டின் வெப்பநிலையில் ஆற்றலின் பரவலைப் பாருங்கள். ஹிஸ்டோகிராமில் ஒரே கூனா, நடுவில் பள்ளத்தோடு இரண்டு கூன்களா? இரண்டு கூன்கள் வந்து, சங்கிலியை நீட்ட நீட்டப் பள்ளம் ஆழமானால், அங்கே இரண்டு நிலைகள் உண்மையிலேயே போட்டியிடுகின்றன. நிலை அடர்த்தியின் மடக்கை, அதாவது என்ட்ரோபி, ஆற்றலுக்கு எதிராக மேல்நோக்கிக் குவிந்த வளைவாக இருக்க வேண்டியது ஓரிடத்தில் உள்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவின் சரிவுதான் வெப்பநிலையின் தலைகீழ். அது அந்த இடத்தில் பின்னுக்கு மடங்கும். தொடர்ச்சியான சுருங்கலில் இந்த மடிப்பு வராது.

யாங்-லீ பற்றிச் சொன்னீர்கள். அதையும் இதே நிலை அடர்த்தியிலிருந்து எடுக்கலாம், இதுதான் எனக்கு வியப்பு. தொடர்புகள் முழு எண்கள் என்பதால் பார்ட்டிஷன் ஃபங்ஷன் போல்ட்ஸ்மன் காரணியின் பல்லுறுப்புக் கோவை. நான்கு மணிக்கு 126 + 24 × காரணி. அதன் பூஜ்யம் −5.25. ஐந்து மணிக்குத் தொடர்பில்லாதவை 534, ஒரு தொடர்பு உள்ளவை 192, ஆக மொத்தம் 726, பூஜ்யம் −2.78. இரண்டுமே எதிர்மெய் அச்சில். மெய்யான வெப்பநிலைகள் இருக்கும் நேர்மெய் அச்சுக்கு அருகில்கூட இல்லை. சங்கிலி நீளும்போது பூஜ்யங்கள் சிக்கலெண் தளத்தில் பெருகி, மாற்றம் உள்ள இடத்தில் நேர்மெய் அச்சை நோக்கி நெருங்கும். எப்படி நெருங்குகின்றன, எவ்வளவு அடர்த்தியாக நிற்கின்றன என்பதிலிருந்து மாற்றத்தின் வகை தெரியும். எல்லைக்குட்பட்ட சங்கிலியில் முறிவு இல்லைதான். ஆனால் முறிவு எங்கே உருவாகப்போகிறது என்பது அங்கேயே எழுதியிருக்கிறது.

பழைய வேதியியலாளர்:

பூஜ்யங்களை வைத்துப் பேசினால் எனக்கு மறுப்பில்லை. நான்கு மணிக் கணக்கை மாணவர்களுக்கு இனி நானும் கொடுப்பேன்.

இருந்தாலும் நீளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். தீட்டா வெப்பநிலை என்பதே முடிவிலா நீளத்துக்கு உரியது. ஃப்ளோரி அதைக் கண்ட விதம் அப்படி: சங்கிலியின் அளவு நீளத்தின் அடுக்காக வளர்கிறது, நல்ல கரைப்பானில் அந்த அடுக்கு ஏறத்தாழ 0.588, தீட்டாவில் சரியாக அரை, உருண்டையில் மூன்றில் ஒன்று. 64 மணியில் இந்த மூன்றையும் பிரித்துக் காண்பது கடினம்.

எண்முகம்:

ஆமாம். அதுமட்டுமல்ல, இரண்டு மாற்றங்களும் நீளத்தோடு வேறுவேறு வேகத்தில் நகர்கின்றன. சுருங்கும் வெப்பநிலை தீட்டாவிலிருந்து தாழ்ந்திருக்கும் அளவு முதன்மையாக நீளத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். நான்கு மடங்கு நீட்டினால் இடைவெளி பாதியாகும். உறைதல் தாழ்ந்திருப்பது மேற்பரப்பில் உள்ள மணிகளுக்கு அண்டைகள் குறைவு என்பதால். அது கனமூலத்துக்குத் தலைகீழ், எட்டு மடங்கு நீட்டினால்தான் பாதியாகும். சிறிய சங்கிலியில் தெளிவாகப் பிரிந்திருக்கும் இரண்டு கோடுகள் முடிவிலியில் ஒன்றுசேருமா, பிரிந்தே நிற்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

டி ஜென் 1975-ல் தீட்டாவை மும்மை மாறுநிலைப் புள்ளியாக (தொடர்ச்சியான மாற்றமும் முதல் வகை மாற்றமும் சந்திக்கும் இடம்) காட்டினார். அத்தகைய புள்ளிக்கு மூன்று பரிமாணமே விளிம்பு. அதனால் சராசரிப் புலக் கொள்கையின் (ஏற்றத்தாழ்வுகளை விட்டுச் சராசரியை மட்டும் எடுக்கும் எளிய கணக்கு) அடுக்குகள் சரிதான், ஆனால் மடக்கைத் திருத்தங்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவை மறைய அசாதாரண நீளம் வேண்டும். கிராஸ்பெர்கர் 1997-ல் பெர்ம் முறையில் பத்து லட்சம் அடிகள் வரை போனது இதற்காகத்தான். கனசதுர அணிக்கோவையில் தீட்டா வெப்பநிலை 3.717 என்ற எண் அங்கிருந்து வந்தது.

கூழாங்கல்:

பெர்ம் என்றால் என்னவென்று புதியவர்களுக்கு ஒரு வரி: சங்கிலியை முனையிலிருந்து மணி மணியாக வளர்த்துக்கொண்டே போவது, ரோசன்புளூத் தம்பதியர் 1955-ல் செய்ததுபோல. எடை அதிகமான சங்கிலிகளைப் படியெடுத்து, குறைந்தவற்றைப் பாதியில் நிறுத்துவது கிராஸ்பெர்கர் சேர்த்தது. தீட்டா அருகே இது பிரமாதமாக ஓடும். ஆழமாக உறைந்த உருண்டையில் திணறும்.

தென்றல்77:

கோடுகள் சேருமா என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. ராம்ஃப், பால், பைண்டர் 2005-ல் பிணைப்பு ஏற்றத்தாழ்வு மாதிரியில் (கார்மெசின், கிரெமர் 1988, ஒவ்வொரு மணியும் அணிக்கோவையில் 8 புள்ளிகளை அடைக்கும், பிணைப்புக்கு 108 திசையன்கள்) ஓட்டி, நீளம் முடிவிலியாகும்போது சுருங்கலும் உறைதலும் ஒரே வெப்பநிலையில் சேர்கின்றன என்றார்கள். பலருக்கு அது அதிர்ச்சி. 2007-ல் வோகல், பாக்மன், யாங்கே எளிய கனசதுரத்திலும் முகமையக் கனசதுரத்திலும் பார்த்து, இல்லை, பிரிந்தே நிற்கின்றன என்றார்கள். அதே ஆண்டில் முதல் குழுவினரே ஈர்ப்பின் வீச்சை மாற்றிப் பார்த்துவிட்டார்கள்: வீச்சைக் கூட்டினால் உருண்டை நிலை திரும்பி வருகிறது.

ஆக ஒருவர் தவறு, மற்றவர் சரி என்பதல்ல. மாதிரிக்குள் வீச்சு என்று ஒரு திருகு இருந்தது, அதை எல்லோரும் கவனிக்கவில்லை. மணிச்சரம் அந்தத் திருகைத்தான் தொட்டிருக்கிறார்.

மணிச்சரம்:

எல்லோருக்கும் நன்றி. நிறைய தெளிவானது. இப்போது வாங்-லாண்டாவுக்கு மாறலாம் என்று இருக்கிறேன். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கணிப்பொறிக்காரன்:

நல்ல முடிவு. முறை 2001-லிருந்து இருக்கிறது, கரு எளிது: ஆற்றல் மட்டங்களில் நிலை அடர்த்தியின் தலைகீழை எடையாக வைத்து நடந்தால் எல்லா மட்டங்களுக்கும் சமமாகப் போவோம். நிலை அடர்த்தி முன்கூட்டித் தெரியாது. எனவே நடக்கும்போதே ஒவ்வொரு வருகைக்கும் அந்த மட்டத்தின் மதிப்பை ஒரு திருத்தக் காரணியால் பெருக்குகிறோம், ஹிஸ்டோகிராம் தட்டையானதும் காரணியை வர்க்கமூலமாக்குகிறோம். வெப்பநிலை என்ற ஒன்றே ஓட்டத்தில் இல்லை. ஒருமுறை முடித்தால் எல்லா வெப்பநிலைக்கும் விடை.

கவனிக்க வேண்டியவை சில. மடக்கையில்தான் சேமிக்க வேண்டும். நிலை அடர்த்தி எத்தனையோ பத்தின் அடுக்குகளைத் தாண்டும், நேராக வைத்தால் கணினியின் எண் வரம்பு உடைந்துவிடும். கூட்டும்போது பெரியதை முதலில் வெளியே எடுத்துவிட்டுக் கூட்டுங்கள். ஒரு நகர்வு நிராகரிக்கப்பட்டாலும் இருக்கும் மட்டத்தை மறுபடி எண்ண வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இடம் இது. திருத்தக் காரணி மாறிக்கொண்டிருக்கும்வரை நுண்சமநிலை விதி (எந்த இரண்டு வடிவங்களுக்கு இடையேயும் போக்கும் வரவும் சமம் என்பது) கண்டிப்பாக நிற்காது, ஆகவே காரணி மிகச் சிறிதான பிறகு எடைகளை அப்படியே நிறுத்திவைத்து நீண்ட ஓட்டம் ஒன்றை எடுங்கள். சுழற்சி ஆரம் முதலானவற்றை அந்த ஓட்டத்தில் மட்டும் சேகரியுங்கள். பிழையை மதிப்பிட வேறுவேறு தொடக்க விதைகளோடு தனித்தனி ஓட்டங்கள் வேண்டும். ஒரே ஓட்டத்தின் வழவழப்பான கோட்டை நம்பக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் நகர்வுகள். எடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வடிவத்தை மாற்ற வழி இல்லையென்றால் பயனில்லை. பிணைப்பை மாற்றிப் பூட்டும் நகர்வை எழுதுங்கள். மணிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும், சங்கிலி அவற்றின் வழியே போகும் வரிசை மட்டும் மாறும். அடர்ந்த உருண்டைக்குள் இடம் இல்லாதபோதும் இது வேலை செய்யும் என்பதுதான் அழகு. டெய்லர் குழுவின் ஓட்டங்கள் மிகத் தாழ்ந்த ஆற்றல்கள்வரை இறங்கியது இதன் பலத்தில்தான். பிணைப்பு நீளம் மாறாத சங்கிலி என்பதால் முன்னும் பின்னும் எத்தனை வழிகள் என்ற எண்ணிக்கையையும் ஜாக்கோபியனையும் (மாறிகளை மாற்றும்போது வரும் கன அளவுக் காரணி) ஏற்பு விதியில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் விடை பார்க்கச் சரியாகத் தோன்றும், எண் தவறாக இருக்கும்.

அணிக்கோவையில் ஓட்டுபவர்களுக்கு இழுப்பு நகர்வு உண்டு. லெஷ், மிட்சன்மாக்கர், வைட்சைட்ஸ் 2003. அதையும் பிணைப்பு மாற்றத்தையும் சேர்த்து வூஸ்ட், லாண்டாவ் 2009-ல் எச்பி புரத மாதிரியில் (நீரை வெறுப்பவை, விரும்புபவை என்று இரண்டே வகை மணிகள்) மிகத் தாழ்ந்த ஆற்றல்களைத் தொட்டார்கள்.

கூழாங்கல்:

முதலில் அணிக்கோவையில் எழுதி எண்முகத்தின் 126, 24-ஐ எடுத்துப் பாருங்கள். ஐந்து மணிக்கு 534, 192. நான்கு மணிக்கு ஈர்ப்பே இல்லாதபோது முனைக்கு முனை தூரத்தின் வர்க்கச் சராசரி 582/150, அதாவது 3.88. இந்த எண்கள் தசம இடத்துக்குத் தசம இடம் வராத நிரலை 64 மணிக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை. நேரடி எண்ணிக்கை எங்கே நின்றுவிடும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 36 அடிகளுக்கே வடிவங்கள் 2.9 × 10²⁴ என்று ஷ்ராம், பார்கெமா, பிஸ்ஸெலிங் 2011-ல் எண்ணினார்கள். அதனால்தான் நமக்கு மோன்டி கார்லோ.

பழைய வேதியியலாளர்:

ஆய்வகத்துப் பக்கமிருந்து ஒரு கேள்வி. நாங்கள் பார்ப்பது பாலிஸ்டைரின், சைக்ளோஹெக்சேன்; தீட்டா 34.5 டிகிரி செல்சியஸ் அருகே. அதற்குக் கீழே ஒற்றைச் சங்கிலி சுருங்குவதைப் பிடிக்கக் கரைசலை மிக மிக நீர்த்ததாக வைக்க வேண்டும், இல்லையென்றால் சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துவிடும். சுருள் நேரே படிகமாவதை எங்கும் பார்த்ததில்லை. அந்த 1.05 வீச்சு உலகத்தில் எதைக் குறிக்கிறது?

எண்முகம்:

நேர்மையான கேள்வி. சாதாரண பாலிஸ்டைரின் படிகமாகவே ஆகாது. பக்கக் குழுக்கள் ஒழுங்கற்று அமைந்திருப்பதால் தாழ்ந்த வெப்பநிலையில் கண்ணாடிநிலைதான். தவிர, மாதிரியின் ஒரு மணி உண்மையில் பல அணுக்களின் தொகுப்பு. அதற்கு 5 சதவீத வீச்சு மிகக் குறுகியது. அதனால் பாலிஸ்டைரினுக்கு இந்த விளைவைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இது பொருந்துவது புரதத்தின் பக்கம். சிறிய புரதங்கள் பல, விரிந்த நிலையிலிருந்து மடிந்த நிலைக்கு இடைநிலை இல்லாமல் ஒரே தாவலில் போகின்றன. வெப்ப அளவியலில் வான்ட் ஹாஃப் வெப்பமும் (இரண்டே நிலைகள் என்று கொண்டு கணக்கிடுவது) நேராக அளந்த வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பலவகை அமினோ அமிலங்களின் வரிசையால்தான் இப்படி என்று எண்ணுவது வழக்கம். ஒரே வகை மணி மட்டும் உள்ள நெகிழ்வான சங்கிலியே குறுகிய ஈர்ப்பில் இப்படித் தாவுகிறது என்பதுதான் 2009 முடிவின் கனம். வரிசை எந்த வடிவம் என்பதைத் தீர்மானிக்கலாம். தாவலுக்கு அது கட்டாயமில்லை.

நீங்கள் சொன்ன "சேர்ந்து பிரிந்துவிடும்" என்பதையும் மாதிரியோடு இணைக்கலாம். ஃப்ளோரி-ஹக்கின்ஸ் கணக்கில் (பாலிமர் கரைசலுக்கான சராசரிப் புலக் கணக்கு) பல சங்கிலிகள் பிரியும் மாறுநிலைச் செறிவு 1/(1+√நீளம்). 100 மணிக்கு 9 சதவீதம், 10,000 மணிக்கு ஒரு சதவீதம். நீளம் முடிவிலியாகும்போது அந்த மாறுநிலை வெப்பநிலை தீட்டாவிலேயே போய் முடிகிறது. ஒற்றைச் சங்கிலி சுருங்குவதும் பல சங்கிலிகள் பிரிவதும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பும் இரண்டு கிளைகள். இதில் தீராத ஓர் உரசலும் இருக்கிறது: கணக்குச் சொல்வது செறிவு நீளத்தோடு அரை அடுக்கில் குறையும் என்று, எட்டக்கூடிய நீளங்களில் சிமுலேஷனும் சோதனையும் தருவது 0.38 அருகே. மறுபடியும் அந்த மடக்கைத் திருத்தங்கள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தென்றல்77:

மணிச்சரம், சதுரக் கிணற்றை முடித்த பிறகு லெனார்டு-ஜோன்ஸ் (சதுரக் கிணற்றுக்குப் பதில் தூரத்தோடு வழவழப்பாக மாறும் விசை) பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. அங்கே 13, 55, 147, 309 மணிகள் தனிச் சிறப்பானவை. முழு இருபதுமுகியாக அடுக்கலாம். அவற்றின் உறைதல் முகடு மிகக் கூர்மையாக வரும். 54 மணிக்கும் 55 மணிக்கும் வரைபடம் வேறுபட்டால் நீளத்தின் பொதுப் போக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷ்னாபெல், பாக்மன், யாங்கே 2009-ல் இதை நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

விறைப்பைச் சேர்த்தால் இன்னொரு உலகம் திறக்கும்: வளையங்கள், மடிந்த கோல்கள், முடிச்சுகள். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், எல்லோரும் வருகிறோம்.

மணிச்சரம்:

அணிக்கோவை நிரல் 126/24, 534/192 இரண்டையும் தந்தது, 3.88-ம் வந்தது. சதுரக் கிணற்றில் பிணைப்பு மாற்ற நகர்வோடு வாங்-லாண்டாவ் முடிந்து, எடைகளை நிறுத்திவைத்த ஓட்டமும் எடுத்துவிட்டேன்.

வீச்சு 1.05, 64 மணி: முகட்டின் வெப்பநிலையில் ஆற்றல் பரவலில் இரண்டு கூன்கள், நடுவே பள்ளம். என்ட்ரோபியின் சரிவு பின்னுக்கு மடங்குகிறது. மேல் ஆற்றல் கூனில் சுழற்சி ஆரம் விரிந்த சுருளுக்குரியது, கீழ்க் கூனில் அடர்ந்த படிகத்துக்குரியது. இடைப்பட்ட வடிவங்கள் அரிது. வீச்சு 1.3-ல் சுருங்கும் இடத்தில் ஒரே கூன்தான், மடிப்பு இல்லை. உறையும் இடத்தில் மட்டும் மடிப்பு.

1.06 என்ற எல்லை 128 மணிக்கு உரியது. 64-க்கு அது வேறு இடத்தில் இருக்குமா என்று பார்க்க 1.04-லிருந்து 1.10 வரை சிறு படிகளாக ஓட்டலாம் என்று நினைக்கிறேன். சரியா?

எண்முகம்:

சரி. ஆனால் முகட்டை வைத்து எல்லையைக் குறிக்காதீர்கள். எல்லைக்கு அருகே சுருங்கலின் தோள் உறைதல் முகட்டின் காலடியில் மறைந்துவிடும், கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஒவ்வொரு வீச்சுக்கும் மேல் ஆற்றல் கூனில் உள்ள வடிவங்களை மட்டும் தனியாக எடுத்து, அவற்றின் சுழற்சி ஆரத்தைப் பாருங்கள். உறையும் தருணத்தில் அந்தக் கூனில் இருப்பது விரிந்த சுருளா, ஏற்கெனவே சுருங்கிய உருண்டையா என்பது எந்த வீச்சில் மாறுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பிறகு அதே ஓட்டத்தை 128-க்கும் எடுங்கள். 2009 எண்ணோடு ஒப்பிட்டால் நகர்வுகளின் ஏற்பு விதி சரியா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.